நாம் கேட்காமல் விட்ட கோரிக்கை

புதுவையின் வில்லியனூரிலும் பாகூரிலும் மாதச் சம்பளமோ, சொந்த நிலமோ, மேடையில் பேச ஒரு மைக்கோ வாய்த்திருக்கும் நம் எல்லோர் மீதும் ஒரு குற்றம் இருக்கிறது. கூலிக்குப் போகும் பெண்ணின் கைக்குழந்தையை அவள் போன பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை நாம் ஒருநாளும் ஊர்க் கேள்வியாக எழுப்பவில்லை. அது அவள் வீட்டுப் பாடு என்று விட்டுவிட்டோம். நம் வீட்டுப் பிள்ளை என்று வரும்போது மட்டும் அதே காரியத்தை அரசாங்கத்தின் கடமை என்று வாதாடி வாங்கிக்கொண்டோம். அரசு ஊழியர், ஆசிரியர், தொழிற்சங்கத்தார், நிலக்காரர், கட்சிக்காரர், எழுதுகிறவர் என்று அவரவர் பங்கைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளாமல் இதற்கு ஒரு வழி பிறக்காது.

முதலில் அரசு ஊழியர்கள். புதுவை அரசு ஊழியருக்கு மத்திய அரசின் ஊதிய விதிகள்தாம். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2008-இல் பெண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு வந்தது. இரண்டு பிள்ளைகள் வரை, பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, பணிக்காலம் முழுமைக்கும் 730 நாட்கள். ஏழாவது குழுவுக்குப் பிறகு முதல் 365 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாட்களுக்கு 80 விழுக்காடு; தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தைக்கும் அந்த உரிமை கிடைத்தது. நர்சரி வகுப்பிலிருந்தே பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை உண்டு. 2017 ஜூலையில் அது ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய் ஆயிற்று. பழைய முறையில் வருமான வரி கட்டுவோர் பிளேஸ்கூல் கட்டணத்தைக்கூட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இவற்றில் எதுவும் சலுகை இல்லை. எல்லாமே நியாயமான உரிமைகள், போராடிப் பெற்றவை. ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தையை வளர்ப்பதில் அரசுக்கும் பங்கு உண்டு என்பதுதானே இவை அனைத்துக்கும் அடிப்படை? அந்த அடிப்படையை நாம் மனதார ஏற்றுக்கொண்டோம், நமக்கு வேண்டிய அளவுக்கு. விடுப்பு எடுத்துக்கொண்டு நம் பிள்ளையின் பக்கத்தில் இருந்த அந்த மாதங்களில், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள் தன் பத்து மாதக் குழந்தையை எங்கே விட்டு வருகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டவர்களும் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி.

கேள்வி வந்தால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "அதுக்குத்தான் பால்வாடி இருக்குதே." இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நம் ஒவ்வொரு ஊரிலும் ஓர் அங்கன்வாடியாக நிற்கிறது. அது செய்யும் வேலை பெரிது. எடை பார்க்கிறது, தடுப்பூசிக்கு அழைக்கிறது, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது தருவது வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துணவு. அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள, தூங்கவைக்க, துணி மாற்ற, அம்மா திரும்பும்வரை பார்த்துக்கொள்ள அங்கே ஏற்பாடு கிடையாது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை, ஒரு மனித உயிர் மிக அதிகமாகப் பிறர் கையை நம்பியிருக்கும் காலத்தில், நம் ஊரில் அதற்கென்று ஓர் இடம் இல்லை. பெரிய குழந்தைக்கும் பாதி நாள்தான். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் பால்வாடிக் கதவு திறப்பதற்கு முன்பே புறப்பட்டுவிடும்; திரும்பி வருவதற்குள் கதவு பூட்டி நெடுநேரம் ஆகியிருக்கும். இது நமக்குத் தெரியாமல் இல்லை. அந்த பஸ்ஸை நாம் தினமும் பார்க்கிறோம்.

சட்டம் இருக்கிறதே என்றும் சொல்லிக்கொண்டோம். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் ஏற்படுத்த வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது. நம் பெண்கள் வேலை செய்யும் இடங்களை இந்த எண்களோடு பொருத்திப் பார்த்தோமா? ஒரு கூடத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சிறு தொழில்கள், காண்டிராக்டர் பெயரில் ஆள் எடுக்கும் துப்புரவு வேலை, நேரு வீதிப் பக்கத்துத் துணிக்கடைகள், நகரத்து வீடுகள். சட்டத்தின் எண் அவர்களைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவள் புதுவையின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிச் சேதராப்பட்டுக்கு விடியற்காலையில் கைக்குழந்தையோடு பஸ் ஏற முடியாது. அவளுக்கு வேண்டியது தன் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு காப்பகம். அது எந்த முதலாளியின் கடமையாகவும் சட்டத்தில் இல்லை. ஊரும் அரசும்தான் அதைச் செய்யவேண்டும். நாம் ஊரையும் கேட்கவில்லை, அரசையும் கேட்கவில்லை.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்க வேண்டும். 1936 ஜூலை 30-ஆம் தேதி புதுச்சேரியில் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் குண்டுக்குப் பலியானார்கள். வ.சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆண்டுதோறும் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம், எட்டு மணி நேரத்தை இந்த மண்ணின் பெருமையாகச் சொல்கிறோம். எட்டு மணி நேர வேலை என்றால் அந்த எட்டு மணி நேரமும் தொழிலாளியின் குழந்தை ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும் என்ற அடுத்த வரியை நாம் எழுதவில்லை. அகவிலைப்படி, போனஸ், பணி நிரந்தரம் என்ற கோரிக்கைகளில் காட்டிய உறுதியைக் காப்பகத்துக்குக் காட்டவில்லை. அங்கன்வாடி ஊழியர்கள் தங்கள் ஊதியத்துக்காக உட்கார்ந்தபோது பந்தலுக்குப் போய் வாழ்த்திப் பேசினோம். "நேரத்தை நீட்டு, அதற்கு இன்னும் இரண்டு ஆளைப் போடு, அவர்களுக்கும் முறையான சம்பளம் கொடு" என்று தாய்மாரின் கோரிக்கையையும் ஊழியரின் கோரிக்கையையும் ஒன்றாகக் கட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாம் கட்டவில்லை.

நிலம் வைத்திருக்கும் நமக்கு இதில் பங்கு குறைவில்லை. பாகூர் ஏரி நிறைந்தால் நடவுக்கு ஆள் கிடைப்பதே கவலை. ஆள் வந்தால் போதும் என்றிருந்தோம். வந்தவளுடைய குழந்தை வரப்போரத்துப் புங்க மரத்தில் தூளியில் கிடப்பதைப் பார்த்தோம். வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும்போது அவள் சேற்றிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு ஓடியதையும் பார்த்தோம். ஒரு முதிய பெண்ணுக்கு அரைக் கூலி கொடுத்து எல்லாக் குழந்தைகளையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல நமக்கு எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது. அரசே அதை எழுதி வைத்திருந்தது. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழே ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் அதே கூலி தரவேண்டும் என்று இருந்தது. படிக்கத் தெரிந்த நாம் அதைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். வேலைக்குக் கூட்டம் வரவில்லை, மண் சரியாக வெட்டவில்லை என்று குறை சொல்லத் தெரிந்த நமக்கு அந்த வரியை எடுத்துக்காட்டத் தெரியவில்லை.

"ஆயா பாத்துக்கும்" என்பது நம் இரண்டாவது பதில். எந்த ஆயா? நம் ஊரில் பாட்டியாகும் பெண்ணுக்குப் பல வீடுகளில் ஐம்பதுகூட ஆகியிருப்பதில்லை. அவளே நடவுக்குப் போகிறாள், களை எடுக்கிறாள், மீன் கூடை தூக்குகிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க அவள் வீட்டில் இருந்தால் ஒரு கூலி போகிறது. மருமகள் இருந்தால் இன்னொரு கூலி போகிறது. குழந்தை வளர்ப்பின் செலவை அந்த வீடு ரூபாயாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்; இழந்த கூலியாக மாதாமாதம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆயாவும் போய்விட்டால் அந்தச் சுமை அக்காவுக்கு. ஆசிரியர்களாகிய நாம் இதைப் பக்கத்திலிருந்து கண்டவர்கள். நடவு, அறுப்புக் காலங்களில் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஏன் வரவில்லை என்பது நமக்குத் தெரியும். வருகைப் பதிவில் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டோம்.

இன்னும் கடினமான ஒன்றையும் சொல்லவேண்டும். ஏரியும் குளமும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்கள் நம்முடையவை. ஊசுட்டேரி வில்லியனூர்ப் பக்கம். சங்கராபரணி வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பாகூரில் எங்கு திரும்பினாலும் தண்ணீர். தவழும் குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் தண்ணீர் எமன். குழந்தை தண்ணீரில் போனால் "பெத்தவ கவனிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறோம். நம்மைப் போலவே நீர் சூழ்ந்த வங்கதேசக் கிராமங்களில் வேறு மாதிரி யோசித்தார்கள். தாய் வேலையில் இருக்கும் காலை நேரத்தில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை ஊருக்குள் ஒரு வீட்டில் பயிற்சி பெற்ற பெண்ணிடம் விடும் 'ஆஞ்சல்' காப்பகங்களை அமைத்தார்கள். அங்கு விடப்பட்ட குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்த வழியைப் பரிந்துரைக்கிறது. வங்கதேச அரசு 2022-இல் 8,000 காப்பகங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. நம்மைவிட வசதி குறைந்த ஊர்கள் அவை. காப்பகம் இல்லாததை வசதியின்மை என்று நாம் இனி சொல்ல முடியாது.

படித்தவர்கள், எழுதுகிறவர்கள் செய்த பிழை வேறு வகை. நம் காதுக்கு எட்டும் தூரத்தில் சொல்லப்பட்டதைக் கேட்காமல் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கீழூர், பிள்ளையார்குப்பம், சிவராந்தகம் ஆகிய ஊர்களில் உயிர் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களுக்குக் கணினியும் செய்தியும் கொண்டு வந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள், நாமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். அதே நிறுவனத்தோடு இருந்த மீனா சுவாமிநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழந்தைக் காப்பகங்களுக்கே கொடுத்தவர். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தக் குழுவின் 1972 அறிக்கை அங்கன்வாடித் திட்டத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. குறைந்த வருமானத்துப் பெண்களின் குழந்தைகளை யார் பார்க்கிறார்கள் என்றே 1985-இல் ஒரு நூல் எழுதினார். பெண்ணின் வேலை, தாயின் உடல்நலம், குழந்தையின் வளர்ச்சி மூன்றையும் பிரிக்காமல் ஒரே காரியமாகப் பார்க்கவேண்டும் என்பதே அவருடைய வாதம். 2022-இல் மறைந்தார். கணினி வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதிய நாம், அந்த வாதத்தை நம் ஊர்த் தெருக்களுக்குக் கொண்டுவரவில்லை.

பொதுச் செலவில் பிள்ளை வளர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்தின் செலவுக்கென்று மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. 1930-இலேயே பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு கொடுத்தது. பிரான்சில் குடியேறிய உறவினர் இல்லாத குடும்பங்கள் நம் பக்கத்தில் குறைவு. விடுமுறைக்கு வரும்போது அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம்: அங்கே காப்பகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, வீட்டில் வைத்துக் குழந்தை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை அரசின் குடும்ப உதவி நிதி தருகிறது, மூன்று வயதானால் பள்ளி இலவசம். உழைக்கும் ஏழைத் தாய்மாருக்காக ஃபிர்மின் மார்போ என்பவர் பாரிஸில் முதல் காப்பகத்தைத் திறந்தது 1844-இல். அந்த நாடு நம்மை ஆண்ட காலத்திலேயே நடந்த காரியம் அது. கேட்டு வியந்தோம். "அது வெள்ளைக்காரன் ஊரு" என்று பேச்சை முடித்துக்கொண்டோம்.

வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் காப்பகம் நடத்தும் முறை நம் நாட்டிலும் இருந்தது என்பதை மறந்தே போனோம். 2006 ஜனவரி 1 முதல் ராஜீவ் காந்தி பெயரில் தேசியக் காப்பகத் திட்டம் நடந்தது. ஒரு காப்பகத்துக்கு 25 குழந்தைகள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, ஒரு நாளில் ஏழரை மணி நேரம், மாதம் 26 நாட்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு மாதக் கட்டணம் 20 ரூபாய், வருமானம் கூடினால் 100, இன்னும் கூடினால் 200. திட்டத்தின் கணக்கு சரியானது. அதைத் தாங்கியவர்களைத்தான் நாடு கைவிட்டது: ஊழியருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. 2017-இல் பொறுப்பு மாநிலங்களுக்கு மாறியது. இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த காப்பகங்கள் சில ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் கீழே இறங்கின. ஒரு ரேஷன் கடை இரண்டு நாள் பூட்டியிருந்தால் மறியல் செய்யும் நாம், நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடியதைக் கவனிக்கவே இல்லை. அதற்குப் பிறகு 2022-இல் 'பால்னா' என்ற பெயரில் திட்டம் மறுபடி வந்தது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் 17,000 என்பது அதன் இலக்கு. கர்நாடகம் 2023-இல் 'கூசின மனெ' என்று 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் உழைக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம் அறிவித்தது. நம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு இப்படி எத்தனை என்று யாரிடம் கேட்டோம்?

கேட்கும் இடம்கூட நம்மிடம் இல்லை என்பது கட்சிக்காரர்களின் கணக்கில் சேரவேண்டியது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூர் பக்கத்துக் கீழூரில்தான் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அதே கொம்யூனில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-இல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி நின்றுபோயிற்று. வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் ஒரு தாய் காப்பகம் வேண்டும் என்று யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? தேர்தல் இல்லாததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரோடு, விளக்கு, சாக்கடை என்றுதான் பேசினோம். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் 2023-இல் வந்தபோது வரவேற்றோம், வரவேற்க வேண்டியதுதான். அந்தப் பணம் அவள் கையில் ஒரு பலம். ஆனால் ஊரில் இல்லாத காப்பகத்தில் அந்த ஆயிரத்தைக் கொடுத்து இடம் வாங்க முடியாது. கையில் பணமும் வேண்டும், ஊரில் இடமும் வேண்டும். தொகையை உயர்த்துவதாகப் போட்டி போட்ட நாம் இடத்தைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியாக, இந்தக் குற்றத்தில் ஆண்களுக்குத் தனிப் பங்கு உண்டு. 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. வீட்டில் பாதியைச் சுமந்து பழகாதவர்கள் சங்கத்திலும் கட்சியிலும் கோரிக்கைப் பட்டியல் எழுத உட்கார்ந்ததால்தான் அந்தப் பட்டியலில் குழந்தை இடம்பெறவில்லை. உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

ஒப்புக்கொண்ட பிறகு செய்யவேண்டியவை உண்டு. ஒவ்வோர் ஊரிலும் மூன்று வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், அவர்களின் தாய்மார் எந்த வேலைக்கு எந்நேரம் போய் எந்நேரம் திரும்புகிறார்கள் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதவேண்டும். காப்பகத்தின் நேரத்தை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். 2006 டிசம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குக் கீழே 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு அங்கன்வாடி கேட்டால் மூன்று மாதத்துக்குள் தரவேண்டும் என்று சொன்னது. கேட்பவருக்கு உரிமை உண்டு என்ற அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பால்வாடி தூரமாக இருக்கும் சேரிக்கும் மீனவர் குப்பத்துக்கும் அங்கன்வாடி கேட்க வேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அங்கன்வாடிகளைப் பால்னா திட்டத்தின் கீழ்க் காப்பகத்தோடு சேர்க்கும்படி அரசுக்கு எழுத வேண்டும். சட்டப்பேரவை உள்ள பிரதேசம் என்பதால் செலவில் ஒரு பங்கு புதுவை அரசுடையது. வருகிற பட்ஜெட்டில் அதற்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒருவர் என்று 2018-இன் மத்திய அரசு வழிகாட்டி சொல்கிறது. அந்தக் கணக்கில் ஆள் வேண்டும். இப்போதைய அங்கன்வாடி டீச்சரின் தலையிலும் ஆயாம்மாவின் தலையிலும் இதை ஏற்றி ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணுக்கு மாற்றக் கூடாது. சேதராப்பட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் உள்ள சிறு தொழில்கள் தனித்தனியாகக் காப்பகம் நடத்த முடியாது என்றால், சேர்ந்து ஊர்க் காப்பகத்துக்குப் பங்கு கட்டட்டும். தேர்தல் நடத்து என்று கேட்கும் ஒவ்வொரு மனுவிலும் காப்பகத்தின் பெயர் இருக்கட்டும்.

இவ்வளவையும் அந்தப் பெண்களே திரண்டு கேட்கட்டும் என்று இனியும் ஒதுங்க முடியாது. மனு கொடுக்க அவர்கள் அலுவலகப் படி ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது, குழந்தையை விட ஓர் இடமும் தேடவேண்டியிருக்கிறது. நமக்குச் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, எழுதத் தெரியும், எந்த அறையில் எந்தக் கோப்பு இருக்கும் என்றும் தெரியும். நம் பிள்ளைகளுக்காக இவை எல்லாவற்றையும் பயன்படுத்தினோம். அவர்கள் பிள்ளைகளுக்காகவும் பயன்படுத்த வேண்டியது நம் கடன். வருகிற பட்ஜெட்டுக்கு முன்பாக, ஊர் ஊராகக் குழந்தைகளின் பட்டியலோடு, அந்தத் தாய்மாரின் பெயரோடு நம் கையெழுத்தையும் சேர்த்து அதைத் தொடங்குவோம்.